சம்பள உயர்வு கேட்பவரைப் பணவீக்கத்தின் குற்றவாளி ஆக்காதீர்கள்

"நீங்க கேக்கிறதைக் கொடுத்தா விலைவாசி இன்னும் ஏறும். அப்புறம் அந்தச் சம்பளமும் உங்களுக்குப் பத்தாது."

இந்த வருடம் நான் உட்கார்ந்த ஒவ்வொரு ஊதியப் பேச்சுவார்த்தையிலும் இந்தப் பேச்சைக் கேட்டுவிட்டேன். போன வாரம் மறுபடியும். சொன்னவர் ஒரு நிறுவனத்தின் நிதி அதிகாரி. நன்றாகப் படித்தவர், யாரையும் ஏமாற்ற நினைப்பவர் அல்ல. தான் சொல்வது பொருளாதாரம் என்றே நம்பிச் சொன்னார். எதிரே இருந்த தொழிலாளர் பிரதிநிதிகள் ஐந்து பேரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். இடைவேளையில் அவர்களில் இளையவர் என்னிடம் வந்து கேட்டார்: "சார், நிஜமாவே எங்களாலதான் விலைவாசி ஏறுதா?"

இரண்டு தரப்புக்கும் கணக்குப் போட்டுத் தருவது என் தொழில். அந்தப் பையனுக்கு அன்று நின்றபடியே ஏதோ பதில் சொன்னேன். முழுப் பதிலை இங்கே எழுதுகிறேன். அந்த நிதி அதிகாரியும் இதைப் படிக்க வேண்டும் என்று விரும்புகிறேன்.

முதலில் அவர்கள் கேட்டது என்ன என்று பார்ப்போம். கேட்டது 11%. அப்போதைய பணவீக்கம் 5%. "பணவீக்கத்தைப் போல இரண்டு மடங்குக்கு மேல் கேட்கிறார்கள்" என்று நிர்வாகத்தின் குறிப்பில் எழுதியிருந்தது. அந்த ஒற்றை வரியால் பேச்சுவார்த்தை நான்கு வாரம் நின்றுபோனது.

கணக்கு இதுதான். பழைய ஒப்பந்தம் மூன்று வருடத்துக்கானது. கையெழுத்துப் போட்ட அன்று சம்பளமும் 100, விலைவாசியும் 100 என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த மூன்று வருடங்களில் விலைவாசி முறையே 8%, 6%, 5% ஏறியது. ஒன்றின் மேல் ஒன்றாகப் பெருக்கினால் 120-ஐத் தாண்டுகிறது. சம்பளமோ ஒப்பந்தப்படி வருடம் 4% வீதம் ஏறி 112.5-இல் நிற்கிறது. பழைய இடத்துக்குத் திரும்பி வரவே கிட்டத்தட்ட 7% வேண்டும். அடுத்த வருடம் விலை 4% ஏறும் என்ற கணிப்பை அதோடு சேர்த்தால் 11%. ஆக, அந்தக் கோரிக்கையில் பெரும்பங்கு பழைய பாக்கி. புதிதாக ஒரு காசு கூட அவர்கள் கேட்கவில்லை. இடைப்பட்ட மூன்று வருடங்களில் மாதாமாதம் கைவிட்டுப் போனதையும் கேட்கவில்லை. அது போனது போனதுதான்.

சரி, அந்த 11%-ஐக் கொடுத்தால் விலை எவ்வளவு ஏற வேண்டியிருக்கும்? "11% சம்பளம் என்றால் 11% விலை" என்று நினைப்பவர்களை நான் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். நிதித் துறையில் இருப்பவர்கள்கூட வாய்தவறி அப்படிப் பேசுகிறார்கள். இதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும்.

அந்த நிறுவனத்தின் மொத்தச் செலவில் சம்பளத்தின் பங்கு 25%. மீதி மூலப்பொருள், மின்சாரம், வாடகை, வட்டி, போக்குவரத்து. நாலில் ஒரு பங்கு 11% ஏறினால் மொத்தச் செலவு 2.75% ஏறும். அதோடு முடியவில்லை. போன வருடம் அங்கே ஒரு ஆள் ஒரு மணி நேரத்தில் செய்யும் உற்பத்தி, அதாவது உற்பத்தித்திறன், 3% கூடியிருந்தது. அதாவது ஒரு பொருளுக்கு ஆகும் கூலி 11% ஏறவில்லை, 8%-க்கும் குறைவாகத்தான் ஏறுகிறது. அதன் நாலில் ஒரு பங்கு 2%-ஐத் தொடவில்லை. இதையும் விலையில் முழுதாக ஏற்றித்தான் ஆக வேண்டும் என்று விதி ஒன்றும் இல்லை. லாப விகிதம் கொஞ்சம் தாங்கலாம். அந்த நிறுவனத்தின் விலைப்பட்டியலைக் கேட்டு வாங்கிப் பார்த்தேன். மூன்று வருடத்தில் நான்கு முறை விலை ஏற்றியிருக்கிறார்கள். அதில் மூன்று, சம்பளம் ஒரு காசு கூட ஏறாத மாதங்களில். மூலப்பொருள் விலை ஏறியபோது அதை வாங்குபவர் தலையில் வைக்கத் தயங்காதவர்கள், சம்பளம் என்று வரும்போது மட்டும் நாட்டின் பணவீக்கத்தைப் பற்றிக் கவலைப்படுவது எனக்கு நியாயமாகப் படவில்லை. அதை அந்த அறையிலேயே சொன்னேன்.

இங்கே நானும் நேர்மையாக ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். ஒரு நிறுவனம் வாங்கும் மூலப்பொருளுக்குள் இன்னொரு நிறுவனத்தின் சம்பளம் இருக்கிறது. போக்குவரத்துச் செலவுக்குள் ஓட்டுநரின் சம்பளம் இருக்கிறது. அதனால் ஒரு நிறுவனத்தின் 25% என்ற கணக்கை அப்படியே நாட்டுக்குப் பொருத்த முடியாது. வளர்ந்த நாடுகள் பலவற்றில் தேசிய வருமானத்தில் பாதிக்கும் மேல் உழைப்புக்கான ஊதியமாகத்தான் போகிறது. உற்பத்தித்திறன் நகராமல் எல்லோருடைய சம்பளமும் வருடாவருடம் 10% ஏறினால் விலைவாசி அமைதியாக இருக்காது. தொழிற்சங்க நண்பர்கள் சிலர் சம்பளத்துக்கும் விலைக்கும் சம்பந்தமே கிடையாது என்று மேடையில் பேசுகிறார்கள். அதுவும் தவறு. நீண்ட காலத்துக்குத் தாங்கக்கூடிய ஊதிய உயர்வு, மத்திய வங்கியின் பணவீக்க இலக்கும் உற்பத்தித்திறன் வளர்ச்சியும் சேர்ந்த அளவு. இலக்கு 2%, உற்பத்தித்திறன் 1% என்றால் வருடம் 3% சம்பள உயர்வு யாருடைய விலையையும் இலக்குக்கு மேல் தள்ளாது. விலைவாசி திடீரென்று எகிறி, சம்பளம் பின்தங்கிப்போன பிறகு வரும் ஈடுகட்டும் உயர்வு வேறு வகை. அது கொஞ்ச காலம் இந்த அளவைத் தாண்டத்தான் செய்யும். அப்போது லாபம் கொஞ்சம் இறங்கிக்கொடுத்தால் விலை ஏறத் தேவையில்லை.

விலையா சம்பளமா, எது முதலில் ஏறியது என்பதையும் பாருங்கள். 2021, 2022-இல் உலகம் முழுக்க விலைவாசி ஏறியது. பெருந்தொற்றுக்குப் பிறகு சரக்குக் கப்பல்களுக்கும் உதிரிபாகங்களுக்கும் தட்டுப்பாடு வந்தது, உக்ரைன் போரால் எரிபொருளும் தானியமும் விலை எகிறின. அமெரிக்காவில் 2022 ஜூனில் பணவீக்கம் 9.1%. பிரிட்டனில் அதே வருடம் அக்டோபரில் 11.1%. யூரோ நாடுகளில் அதே மாதம் 10.6%. சம்பளம் அதற்குப் பின்னால்தான் ஓடிவந்தது, அதுவும் எட்டிப் பிடிக்க முடியாமல். விலையைக் கழித்துப் பார்த்தால் அந்தக் காலத்தில் பெரும்பாலான தொழிலாளர்களின் உண்மை ஊதியம் குறைந்தது. ஐரோப்பாவின் அந்தப் பணவீக்கத்தைப் பிரித்துப் பார்த்த பன்னாட்டு நாணய நிதியத்தின் (IMF) ஆய்வாளர்கள், ஏற்றத்தில் கிட்டத்தட்ட பாதி நிறுவன லாபத்தின் உயர்வோடு சேர்ந்தது என்று 2023-இல் எழுதினார்கள். அதே நிதியத்தின் 2022 ஆய்வு ஒன்று, 1960-கள் முதல் வளர்ந்த நாடுகளில் சம்பளமும் விலையும் சேர்ந்து வேகமெடுத்த காலங்களையெல்லாம் தேடி எடுத்தது. அவற்றில் மிகச் சிலதான், சம்பளம் விலையையும் விலை சம்பளத்தையும் மாறி மாறித் தள்ளும் நிற்காத சுழலாக மாறின. மற்றவற்றில் இரண்டும் கொஞ்ச காலத்தில் நிதானத்துக்கு வந்துவிட்டன. அமெரிக்காவில் 2023 ஜூனில் பணவீக்கம் 3%-க்கு வந்தது. அந்த மாதம் வேலையின்மை 4%-க்கும் கீழே. சம்பளம் கேட்டவர்கள் எதையும் கொளுத்திவிடவில்லை.

அப்படியானால் சுழல் என்பதே கட்டுக்கதையா? இல்லை. நடந்திருக்கிறது, மோசமாக நடந்திருக்கிறது. அங்கே தீயை வளர்த்தது நாளைய விலை பற்றிய பயம். என் தொழிலில் இருப்பவர்கள் தெரிந்துவைத்திருக்க வேண்டிய ஒரே கோட்பாடு இதுதான் என்று சொல்வேன்.

1958-இல் பில்லிப்ஸ் என்ற பொருளாதார அறிஞர் பிரிட்டனின் கிட்டத்தட்ட ஒரு நூற்றாண்டுப் புள்ளிவிவரத்தை வைத்து, வேலையின்மை குறைந்தால் சம்பளம் வேகமாக ஏறுகிறது என்று காட்டினார். கொஞ்சம் பணவீக்கத்தைப் பொறுத்துக்கொண்டால் வேலையின்மையைக் குறைத்துக்கொள்ளலாம் என்று அரசுகள் அதைப் புரிந்துகொண்டன. 1960-களின் கடைசியில் அமெரிக்கப் பொருளாதார அறிஞர்கள் மில்டன் ஃப்ரீட்மனும் எட்மண்ட் ஃபெல்ப்ஸும் தனித்தனியாக ஒரே எச்சரிக்கையைச் சொன்னார்கள். தொழிலாளி பார்ப்பது சம்பளச் சீட்டில் இருக்கும் எண்ணை அல்ல, அதை வைத்து என்ன வாங்க முடியும் என்பதை. விலை ஏறிக்கொண்டே இருக்கும் என்று ஒருமுறை பழகிவிட்டால், அந்த ஏற்றத்தை முன்கூட்டியே சம்பளத்தில் கேட்பார். முதலாளியும் அதே எதிர்பார்ப்பில் விலையை முன்கூட்டியே ஏற்றுவார். இரண்டு பேரும் எதிர்பார்த்ததாலேயே அது நடக்கும். 1970-கள் அதை அப்படியே நிரூபித்தன.

ஒப்பந்தங்கள் எல்லாம் ஒரே நாளில் முடிவதில்லை என்பது இதை இன்னும் பிடிவாதமாக்குகிறது. இன்று கையெழுத்துப் போடுபவர், ஆறு மாதம் முன் பக்கத்துத் தொழிலில் போட்டதைப் பார்க்கிறார். ஆறு மாதம் கழித்துப் போடுபவர் இவரைப் பார்ப்பார். பொருளாதார அறிஞர் ஜான் டெய்லர் 1980-இல் இதைச் சூத்திரமாக எழுதினார். மேசையில் உட்கார்ந்தவர்களுக்குச் சூத்திரம் தேவையில்லை, "அங்கே எவ்வளவு முடிஞ்சது?" என்பதுதான் எல்லாப் பேச்சுவார்த்தையிலும் முதல் கேள்வி.

பிரிட்டனில் 1973 கடைசியில், விலைக் குறியீடு ஒரு எல்லையைத் தாண்டினால் சம்பளம் தானாக ஏறும் என்று ஏற்பாடு செய்தார்கள். பணவீக்கம் அடங்கிவிடும், அந்த ஏற்பாட்டுக்கு வேலையே வராது என்று நினைத்தார்கள். அதே சமயம் எண்ணெய் விலை நான்கு மடங்கானது. எல்லை அடுத்தடுத்து தாண்டப்பட்டது. 1975-இல் பணவீக்கம் 26%-ஐத் தாண்டியது. இத்தாலியில் 'நகரும் படிக்கட்டு' என்று அழைக்கப்பட்ட அகவிலைப்படி முறை இருந்தது. விலை ஏறினால் சம்பளம் தானாக ஏறும். எண்ணெய் விலை போன்ற, நாட்டுக்கே ஏற்பட்ட நஷ்டத்தையும் அது சம்பளமாக மாற்றிவிட்டது. 1984-இல் அரசு அதைக் குறைத்தது, 1985-இல் அந்தக் குறைப்பை எதிர்த்து நடந்த பொதுவாக்கெடுப்பு தோற்றது, 1992-இல் முறையே ஒழிக்கப்பட்டது.

அமெரிக்காவில் எதிர்பார்ப்பை உடைக்க வட்டியைத்தான் எடுத்தார்கள். 1979-இல் மத்திய வங்கித் தலைவரான பால் வோல்க்கர் வட்டி விகிதத்தை 20% வரை போகவிட்டார். பணவீக்கம் 1980-இல் 14%-க்கு மேல் இருந்தது, 1983-க்குள் 4%-க்குக் கீழே வந்தது. அதற்குக் கொடுத்த விலை, 1982 கடைசியில் 10.8% வேலையின்மை. எதிர்பார்ப்பு கைமீறிப்போனால் அதைத் திருப்பிக் கொண்டுவரும் செலவை வேலை இழப்பவர்கள்தான் கட்டுகிறார்கள். தொழிற்சங்கத் தோழர்களே, இதை நீங்கள் நிர்வாகத்தைவிட அதிகமாக நினைவில் வைத்திருக்க வேண்டும்.

வலி குறைந்த வழியும் இருந்தது. இஸ்ரேலில் 1984-இல் வருடப் பணவீக்கம் 400%-க்கும் மேல். 1985 ஜூலையில் அரசு, தொழிற்சங்கக் கூட்டமைப்பு, முதலாளிகள் மூவரும் சேர்ந்து அரசுச் செலவு, விலை, நாணய மதிப்பு, சம்பளம் எல்லாவற்றையும் ஒரே சமயத்தில் பிடித்து நிறுத்தினார்கள். அடுத்த வருடம் பணவீக்கம் 20% அளவுக்கு வந்தது. நெதர்லாந்தில் 1982-இல் தொழிற்சங்கங்கள் ஊதிய உயர்வில் நிதானம் காட்டச் சம்மதித்தன, பதிலுக்கு வேலை நேரம் குறைந்தது. எல்லோரும் ஒரே நேரத்தில் விட்டுக்கொடுத்தால்தான் யாரும் ஏமாற மாட்டார்கள். சம்பளத்தை மட்டும் பிடித்து வைத்து விலையை விட்டுவிட்டால் அதற்குப் பெயர் கட்டுப்பாடு அல்ல.

எதிர்பார்ப்பு செத்துப்போனாலும் ஆபத்து என்பதற்கு ஜப்பான் சாட்சி. பல ஆண்டுகள் விலையும் ஏறவில்லை, சம்பளமும் ஏறவில்லை. ஏறும் என்று யாரும் நினைக்கவும் இல்லை, கேட்கவும் இல்லை. சம்பளம் ஏற வேண்டும் என்று மத்திய வங்கியே காத்திருந்த நாடு அது. 2024 வசந்தகால ஊதியப் பேச்சுவார்த்தையில் சராசரி உயர்வு 5%-ஐத் தாண்டியது. முப்பது வருடங்களுக்கு மேல் காணாத அளவு. முதல்கட்ட முடிவுகள் வந்த அந்த மார்ச்சிலேயே எதிர்மறை வட்டியை, அதாவது பூஜ்யத்துக்கும் கீழே இருந்த வட்டியை, மத்திய வங்கி முடித்துக்கொண்டது. அங்கே சம்பள உயர்வு நல்ல செய்தி.

இனி மேசையின் இரண்டு பக்கத்துக்கும் தனித்தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

தொழிலாளர் பிரதிநிதிகளே, உங்கள் கோரிக்கையை ஒற்றை எண்ணாகக் கொண்டுவராதீர்கள். எத்தனை முறை சொல்லிவிட்டேன்! மூன்றாகப் பிரித்து எழுதுங்கள். போன ஒப்பந்த நாளிலிருந்து இழந்தது எவ்வளவு, வரும் வருடத்துக்கு எதிர்பார்ப்பது எவ்வளவு, உற்பத்தித்திறனில் உங்கள் பங்கு எவ்வளவு. முதல் எண்ணுக்கு அரசின் விலைக் குறியீடு ஆதாரம், அதில் விட்டுக்கொடுக்கவே வேண்டாம். இரண்டாவது எண்ணில்தான் பயம் நுழைகிறது. அடிக்கடி வாங்கும் பொருளும் எரிபொருளும் ஏறினால் எல்லாமே அந்த வேகத்தில் ஏறுவதாக மனம் கணக்குப் போடும். அது உங்கள் குறை அல்ல, எல்லா நாட்டு மக்களுக்கும் அப்படித்தான் என்று கருத்துக்கணிப்புகள் காட்டுகின்றன. ஆனால் அந்தப் பயத்தை மூன்று வருட ஒப்பந்தத்தில் எண்ணாக எழுதாதீர்கள். அதற்குப் பதிலாக மறுபேச்சு விதி கேளுங்கள்: பணவீக்கம் இத்தனை சதவீதத்தைத் தாண்டினால் ஒப்பந்தக் காலத்துக்கு நடுவிலேயே மறுபடி உட்காருவோம் என்று ஒரு பத்தி. பயத்துக்கு இதைவிட மலிவான காப்பீடு கிடையாது. நிர்வாகங்களும் அதிகம் எதிர்ப்பதில்லை, ஏனென்றால் தாண்டாவிட்டால் அவர்களுக்குச் செலவே இல்லை.

இன்னொன்று. பணவீக்கம் குறைந்தது என்றால் விலை குறைந்தது என்று அர்த்தம் இல்லை, ஏறும் வேகம் குறைந்தது என்றுதான் அர்த்தம். "பணவீக்கம்தான் இறங்கிடுச்சே, இப்ப எதுக்கு உயர்வு?" என்று கேட்டால் அந்த 120-ஐக் காட்டுங்கள். 120 திரும்ப 100 ஆகவில்லை.

ஒருமுறை கொடுக்கும் தொகையை அடிப்படைச் சம்பள உயர்வோடு குழப்பிக்கொள்ளாதீர்கள். ஜெர்மனியில் 2022 அக்டோபர் முதல் 2024 கடைசி வரை முதலாளிகள் 3,000 யூரோ வரை வரியில்லாமல் விலைவாசி ஈட்டுத்தொகை கொடுக்க அரசு அனுமதித்தது. சுழலைத் தூண்டாமல் கைக்குப் பணம் கொடுக்க அது நல்ல ஏற்பாடு. ஆனால் அது அடிப்படைச் சம்பளத்தில் சேராது. அடுத்த உயர்வு அதன் மேல் கணக்கிடப்படாது, ஓய்வூதியக் கணக்குக்கும் வராது. விலை ஏற்றம் நிரந்தரம் என்றால் ஈடும் அடிப்படையில் வர வேண்டும். எண்ணெய் விலை போலத் திரும்ப இறங்கக்கூடிய ஏற்றத்துக்கு ஒற்றைத் தொகை போதும், அதை வாங்கிக்கொள்ளுங்கள், கௌரவக் குறைச்சல் ஒன்றும் இல்லை.

விலைக்கு ஈடாகக் கிடைத்த உயர்வைத் திறமைக்குக் கிடைத்த பரிசு என்று நினைத்துக்கொள்ளும் பழக்கமும் பரவலாக இருக்கிறது. பொருளாதார அறிஞர் ஸ்டெஃபனி ஸ்டான்ட்சேவா அமெரிக்காவில் நடத்திய ஆய்வில் இது தெளிவாகத் தெரிந்தது. இன்கிரிமென்ட் கடிதம் வந்த அன்றே அதிலிருந்து அந்த வருடப் பணவீக்கத்தைக் கழித்துப் பாருங்கள். மீதி இருப்பதுதான் உங்கள் உயர்வு. மீதி இல்லை என்றால் உயர்வும் இல்லை.

நிர்வாகத் தரப்புக்கு: தயவுசெய்து பேச்சுவார்த்தை அறைக்குள் நாட்டின் பணவீக்கத்தைக் கொண்டுவந்து தொழிலாளியின் மடியில் வைக்காதீர்கள். உங்கள் நிறுவனத்தால் கொடுக்க முடியாது என்றால் கணக்கைத் திறந்து அதைச் சொல்லுங்கள். அது நியாயமான வாதம், அதை வைத்துப் பேரம் பேசலாம். விலைவாசி பற்றி உங்களுக்கு அதிகம் தெரியும் என்றும் எண்ணாதீர்கள். பணவீக்க இலக்கை உலகில் முதலில் கொண்டுவந்த நியூசிலாந்திலேயே நிறுவன மேலாளர்களைக் கேட்டுப் பார்த்தபோது, அந்த இலக்கு என்ன என்று பலருக்குச் சொல்லத் தெரியவில்லை. ஒப்பந்தத்தை மூன்று, நான்கு வருடத்துக்கு நீட்டி ஒரு சிறிய எண்ணில் பூட்டிவிட்டால் வெற்றி என்று நினைக்கிறீர்கள். பூட்டியவர்தான் மூன்றாம் வருடக் கடைசியில் 11% என்ற எண்ணைப் பார்த்து அதிர்ச்சி அடைகிறார். வருடாவருடம் 6%, 7% என்று கொடுத்திருந்தால் இந்த எண் வந்திருக்காது, உங்கள் நல்ல ஆட்கள் நான்கு பேர் வேலையை விட்டுப் போயிருக்கவும் மாட்டார்கள்.

முழு அகவிலைப்படியை மாதாமாதம் தானாக ஏறும்படி எழுத இரண்டு தரப்பும் சம்மதித்தால் நான் தடுக்கிறேன், அதனால் இரண்டு பக்கமும் என்மேல் கோபப்படுவதுண்டு. வருடத்துக்கு ஒருமுறை, ஏற்றத்தில் ஒரு பகுதிக்கு, உச்சவரம்போடு இருந்தால் எழுதித் தருகிறேன். அடிப்படை மாதம் எது, எந்தக் குறியீடு, குறியீட்டின் அடிப்படை ஆண்டு மாறினால் என்ன செய்வது என்ற மூன்றும் எழுத்தில் இல்லாமல் யாரும் கையெழுத்துப் போடாதீர்கள். நான் பார்த்த தகராறுகளில் பெரும்பாலானவை இந்த மூன்றில் ஒன்று விடுபட்டதால் வந்தவை.

போன வாரம் பேசிய அந்த ஒப்பந்தம் நேற்று முடிந்தது. பழைய பாக்கியில் 5% இப்போதே அடிப்படைச் சம்பளத்தில், மீதி 2% ஆறு மாதம் கழித்து. வரும் வருடத்துக்கு 3%. பணவீக்கம் 6%-ஐத் தாண்டினால் மறுபேச்சு. காலம் மூன்று வருடம் அல்ல, இரண்டு. கையெழுத்துக்கு முன் அந்த இளைய பிரதிநிதி கணக்குத் தாளை வாங்கி, 120.2-ஐ 112.5-ஆல் தானே வகுத்துப் பார்த்தார். விடை சரியாக வந்ததும் நிதி அதிகாரியின் பக்கம் தாளைத் திருப்பி வைத்தார். அவரும் ஒருமுறை வகுத்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.